இந்தப் படத்தில் சிவப்பு இல்லை

செப்டம்பர் 22, திங்கள்

மரியசெல்வம் சார் இன்று வகுப்பில் குண்டைத் தூக்கிப் போட்டார். இறுதியாண்டுக் குறும்படத்தோடு ஒரு தயாரிப்பு நாட்குறிப்பும் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பத்து மதிப்பெண். உடனே ஒரு நோட்டு வாங்கி, ‘இன்று குழுவினருடன் ஆக்கபூர்வமாகக் கலந்துரையாடினேன்’ என்று எழுதிவிட்டேன். உண்மையில் நடந்தது சண்டை. சண்டையை எழுத இது இரண்டாவது நோட்டு. இதை சாருக்குக் காட்டப்போவதில்லை.

குழு என்றால் மூன்று பேர். இயக்குநர் நான், ரஞ்சனி. கேமரா ஆல்வின். அவன் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம்தான் பேசுவான், அதில் எட்டு ‘வேண்டாம்’ என்று முடியும். நடிப்பு வைஷாலி. அவளுக்கு நடிப்பு வருமா என்று தெரியாது, ஆனால் வெயிலில் நிற்க ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

கதை இதுதான். ஒரு பெண் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். கையில் கறுப்பு உறை போட்ட குடை. வெயில் அடிக்கிறது, விரிக்கவில்லை. தூறல் விழுகிறது, அப்போதும் விரிக்கவில்லை. எட்டாவது நிமிடத்தில் விரிக்கிறாள். குடை சிவப்பு. படம் முடிகிறது.

“எதுக்கு நிக்கறா?” என்று வைஷாலி கேட்டாள்.

“அதைப் பார்க்கிறவங்கதான் யோசிக்கணும்” என்றேன்.

“நிக்கறவளுக்காவது தெரியணும்ல?”

இங்குதான் சண்டை ஆரம்பித்தது.

படத்துக்கு ஒரே ஒரு சட்டம். கடைசி ஷாட் வரைக்கும் சிவப்பு என்ற நிறமே திரையில் வரக்கூடாது. ஒரு பொட்டு கூட. அப்போதுதான் குடை விரியும்போது பார்க்கிறவர்கள் நெஞ்சில் அடி விழும். இதை வண்ணக் குறிப்பு என்று தனித்தாளில் எழுதி சாரிடம் கொடுத்தாயிற்று. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பாவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.

அப்பாவுக்கு கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின். பம்பு செட்டுக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுப்பார். தலைமுடி அளவு பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. பட்டறைப் பெயர்ப்பலகையில் இருப்பது என் பெயர்தான். நான் பிறந்த வருடம் ஆரம்பித்தாராம். அதற்காக நான் பட்டறைக்காரி ஆகிவிட முடியுமா?

படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர வேண்டும் என்பது என் திட்டம். பேங்கு பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு என்பது அவர் திட்டம். ஆறு மாதமாக வீட்டில் இந்தப் பேச்சுதான்.

“செரி அம்மணி, ஒண்ணு பண்ணலாம்” என்றார். “எனக்கு சினிமா தெரியாது. உங்க சாருக்குத் தெரியும். அவரு உன்ற படத்தப் பாத்துப்போட்டு ‘நல்லா இருக்குது’ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நீ மெட்ராஸ் போ. இல்லீன்னா நவம்பர்ல பேங்கு கிளாஸ்.”

சார் யார் படத்தையும் நல்லா இருக்கிறது என்று சொல்லி நான் மூன்று வருடத்தில் கேட்டதில்லை. இருந்தாலும் சரி என்றேன். என் படத்தை அவர் இன்னும் பார்க்கவில்லையே.

செப்டம்பர் 26, வெள்ளி

கோயமுத்தூரில் சிவப்பு இல்லாத பஸ் நிறுத்தம் தேடி நான்கு நாள் அலைந்தோம். தபால் பெட்டி, கட்சிக் கொடி, பேக்கரி பலகை, நாற்பது அடிக்கு ஒரு தக்காளி வண்டி. இந்த ஊர்க்காரர்களுக்கு வேறு நிறமே கிடைக்காதா?

“சிவப்பே இல்லாம எடுக்கணும்னா லென்ஸை மூடிட்டுத்தான் எடுக்கணும்” என்றான் ஆல்வின். இது அவனுடைய இன்றைய நான்காவது வாக்கியம்.

கடைசியில் சங்கனூர் பக்கம் ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறச் சுவர், ஒரு வேப்பமரம். மேம்பால வேலைக்காக சீக்கிரம் இடிக்கப் போகிறார்களாம். அதனால் விளம்பரக்காரர்கள்கூட கைவிட்டுவிட்டார்கள். சொர்க்கம்.

வைஷாலி வீட்டில் பொட்டுப் பிரச்சினை. வெறும் நெற்றியோடு வாசல் தாண்டக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் பேச்சுவார்த்தை நடத்தி, கடுகு அளவு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டில் வந்து நின்றது. பெரிய இயக்குநர்களுக்கு இந்த மாதிரித் தொல்லை இருந்திருக்காது.

செப்டம்பர் 30, செவ்வாய்

கேமரா கைக்கு வந்துவிட்டது! விடுமுறை என்பதால் ஆறாம் தேதி வரை வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு சார் சொன்னார்:

“தண்ணி, மண்ணு, சொந்தக்காரங்க. இந்த மூணுகிட்ட இருந்தும் கேமராவைத் தூரமா வெச்சுக்கோ.”

ஆல்வின் இரண்டாம் தேதி வரை பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் இருப்பான். அதனால் கேமரா என் அறையில், பீரோ மேல். சாப்பிடும்போதுகூட எட்டிப் பார்த்தேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலை ஆறு மணிக்கு அப்பா அறை வாசலில் நின்றார். “அம்மணி, உன்ற மிஷின் எங்க?”

“பீரோ மேல” என்றேன். எந்த மிஷினைக் கேட்டார் என்று யோசிப்பதற்குள் மறுபடி தூங்கிவிட்டேன்.

எட்டு மணிக்கு எழுந்தபோது அப்பாவும் அம்மாவும் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே இன்று மிஷின்களை எல்லாம் கழுவி, பெயின்ட் அடித்து, விபூதிப் பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி அமர்க்களமாக இருக்கும். அப்பா போனில் கூப்பிட்டார். “பத்து நிமிஷம் வந்துட்டுப் போ கண்ணு. பூஜைக்கு நீ இருந்தா நல்லா இருக்கும்.”

எனக்கு வைஷாலியோடு உடை ஒத்திகை இருந்தது. ஒவ்வொரு வருடமும் பார்க்கிற பூஜைதானே. வரவில்லை என்றேன்.

சாயங்காலம் வந்து, கேமராவை எடுத்துக் கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று சொன்னேன். “இன்னிக்கு எந்த ஆயுதத்தையும் தொடக்கூடாது. நாளைக்குத்தான்” என்றார் அப்பா. கேமரா என்ன அரிவாளா என்று கேட்டேன். சுண்டல் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அக்டோபர் 2, வியாழன்

கேமரா பை பீரோ மேல் பத்திரமாக இருக்கிறது. ஜிப்பில் ஒரு பொரி ஒட்டியிருந்தது. இந்த வீட்டில் இன்று பொரி இல்லாத இடமே இல்லை, என் தலையணை உட்பட.

அக்டோபர் 3, வெள்ளி

முதல் நாள். காலை ஆறரைக்கே போய்விட்டோம். போனால், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே, நட்டநடு ரோட்டில், யாரோ திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். உள்ளே கொட்டிய குங்குமம் நாலடிக்கு நாலடி பரந்து கிடக்கிறது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கு அப்பால் மூன்றாவது.

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. டீக்கடையில் இரண்டு பக்கெட் வாங்கி, மூன்று பேரும் தரையைத் தேய்த்தோம். கதாநாயகி விளக்குமாறு பிடித்தாள். குங்குமம் தண்ணீர் பட்டதும் போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு இன்னும் பரவும் என்பதை இன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒன்பது மணிக்கு ரோடு சுத்தமாகிவிட்டது. நல்ல வெளிச்சமும் போய்விட்டது.

ஆல்வின் கேமராவை எடுத்து, லென்ஸை ஒரு துணியால் துடைத்துவிட்டு, “ரெடி” என்றான்.

இனி இந்தப் படத்தில் சிவப்பு நுழையவே முடியாது.

அக்டோபர் 4, சனி

ஒன்பது ஷாட். வைஷாலி அழுதாள். நடிப்புக்காக அல்ல.

அக்டோபர் 5, ஞாயிறு

கடைசி ஷாட் எடுத்தாயிற்று. மாலை வெயில் சரியாக வேப்பமரத்துக்குள் இறங்கியது, குடை விரிந்தது, எனக்குச் சிலிர்த்தது. ஆல்வினே “நல்லா வந்திருக்கு” என்றான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன விஷயம் நடந்தது. முக்கியமில்லை. எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான். ஷாட் ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்ப்புறம் ஒரு டிவிஎஸ் மொபெட் வந்து நின்றது. சிவப்பு மொபெட். நான் யார் என்று பார்க்காமல், “யோவ், அறிவில்லையா, வண்டியை எடு! சிவப்பு! சிவப்பு!” என்று கத்தினேன். அப்பா. கையில் டிபன் கேரியர்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே திருப்பம் வரை போய் அங்கே நிறுத்தினார். ஷாட் முடிந்து நான் திரும்பிப் பார்த்தபோது இல்லை. கேரியரை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று பேருக்கும் தக்காளி சாதம். ஆல்வினும் வைஷாலியும் சாப்பிட்டார்கள். எனக்குப் பசியில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

நாசம்.

நேற்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இன்று எடிட்டிங் அறையில் பெரிய திரையில் முதல் ஷாட்டைப் போட்டோம். இடது மேல் மூலையில் செக்கச்செவேல் என்று ஒரு மூட்டம். இரண்டாவது ஷாட், அதே மூலை. மூன்றாவது. வெயில் படும்போது கொழுந்துவிடுகிறது, நிழலில் ரோஜா நிறமாகப் பதுங்குகிறது. மூன்று நாள் எடுத்த அத்தனை ஷாட்டிலும் இருக்கிறது. கேமராவின் உள்ளங்கை அளவு திரையில், அந்த வெயிலில், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

ஆல்வினைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். உனக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டேன். கேமராமேனை அப்படிக் கேட்கக் கூடாது. அவன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினான்.

“மூணாந்தேதி காலைல லென்ஸுக்கு முன்னாடி இருக்கிற கண்ணாடில ஏதோ ஒட்டியிருந்துச்சு. தூசின்னு நினைச்சுத் தொடச்சேன். இப்பதான் பார்க்கறேன்.”

துணியில் மஞ்சளாக ஒரு தீற்று, நடுவில் சிவப்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

அப்புறம் பீரோ, பொரி, ‘உன்ற மிஷின் எங்க’ எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போகிறேன். இன்று அப்பாவை விடப்போவதில்லை.

அதே நாள், சாயங்காலம்

அப்பா பட்டறையிலிருந்து வரவில்லை. அம்மா பயறு உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவிடமே ஆரம்பித்தேன். காலேஜ் கேமராவை யாரைக் கேட்டு எடுத்தார், மூன்று நாள் உழைப்பு, என் சென்னை, என் வாழ்க்கை என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா முழுதும் கேட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

“நீதான் உங்கப்பன் ஸ்டேட்டஸே பாக்கறதில்ல. பாரு.”

உண்மைதான். தினம் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வருகிறது என்று அப்பா ஸ்டேட்டஸை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். ஆயுத பூஜை அன்று அவர் போட்ட படத்தை அம்மா சேமித்து வைத்திருந்தார். பட்டறை. மாலை போட்ட லேத். அதன் முன்னால் பலகையில் வெள்ளைத் துண்டு விரித்து, ஸ்பானர்கள், உளிகள், தலைமுடி அளவையும் அளக்கிற, அப்பா யாரையும் தொட விடாத மைக்ரோமீட்டர். எல்லாவற்றுக்கும் மேலே, மணைமேல், சாமந்திப்பூச் சரத்தோடு காலேஜ் கேமரா. கண்ணாடியின் நெற்றிப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும்.

“வருஷா வருஷம் மைக்ரோமீட்டருதான் மேல இருக்கும்” என்றார் அம்மா. “அன்னிக்கு அதக் கீழ எறக்கிட்டு இத வெச்சாரு. என்னங்க இதுன்னேன். ‘அவ பொழப்புக்கு இதுதான ஆயுதம்’னாரு. நீ வருவயின்னு அரை மணி நேரம் தீபாராதனை காட்டாம நின்னாரு.”

ஆறு மாதமாக பேங்கு கிளாஸ் பேங்கு கிளாஸ் என்று சொன்ன மனுஷன்.

நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். அப்பா எட்டு மணிக்கு வந்து, “படம் எப்புடி வந்திருக்குது?” என்றார். “நல்லா வந்திருக்குதுங்ப்பா” என்றேன்.

அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

அக்டோபர் 8, புதன்

ஆல்வினிடம் மன்னிப்புக் கேட்டேன். வாயால் அல்ல, பப்ஸ் வாங்கிக் கொடுத்து. இரண்டு சாப்பிட்டான். எனவே மன்னித்துவிட்டான்.

சரிசெய்ய மூன்று வழி. ஒன்று, மூலையை வெட்டுவது. வெட்டினால் கடைசி ஷாட்டில் குடையில் பாதி போய், பெண் முறம் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. இரண்டு, கறுப்பு வெள்ளை. அப்புறம் சிவப்புக் குடைக்கு நான் எங்கே போவது? மூன்று, மறுபடி எடுப்பது.

அக்டோபர் 9, வியாழன்

பஸ் நிறுத்தத்தை இடித்துவிட்டார்கள். வேப்பமரம் மட்டும் நிற்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

நாளை திரையிடல். ஒரு வாரம் மாறி மாறிப் பார்த்ததில், படம் எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. மூட்டத்தை அப்படியே விட்டுவிட்டோம். வேறு வழியில்லாமல் என்று முதல் நோட்டில் எழுத முடியாது, ‘நன்கு ஆலோசித்து’ என்று எழுதியிருக்கிறேன்.

பெற்றோர் வரலாம் என்று அழைப்பு. வெள்ளிக்கிழமை பட்டறையில் வேலை நெருக்கடியாக இருக்குமே என்று அப்பாவிடம் நாசூக்காகச் சொன்னேன். “லீவு உட்டாச்சு” என்றார். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

கருத்தரங்கக் கூடத்தில் எண்பது பேர். அப்பா கடைசி வரிசையில் ஓர நாற்காலி. எங்கள் படம் ஐந்தாவது. பெயர் யோசிக்க நேரமில்லாததால் ‘எட்டு நிமிடம்’ என்று போட்டிருந்தோம். ஓடியது ஏழு நிமிடம் ஐம்பது விநாடி.

விளக்குப் போட்டார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள், அதில் ஒருத்தி வைஷாலி. சார் எழுந்து என் வண்ணக் குறிப்பைக் கையில் எடுத்தார்.

“ரஞ்சனி, ‘கடைசி ஷாட் வரைக்கும் சிவப்பு ஒரு பொட்டு கூட வராது’ன்னு எழுதியிருக்கே. எட்டு நிமிஷமும் மூலையில இருந்ததே, அது என்ன?”

முன் வரிசையில் ஒருவன் “அவளோட பழைய காதல் சார்” என்றான். இன்னொருத்தி “சமூகத்தோட கண்” என்றாள். நான் ஏதாவது ஒன்றுக்குத் தலையாட்டியிருந்தால் போதும். சார் நம்பியிருப்பார், குறைந்தது குழம்பியிருப்பார்.

கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் திரையைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் மோதிர விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, குங்குமம் எடுக்கிற மாதிரி. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. புரிந்துவிட்டது அவருக்கு. இந்த மனுஷன் பொய்யைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால், இனி எதன் மேலும் பொட்டு வைக்க மாட்டார் என்று தோன்றியது.

“குங்குமம் சார்” என்றேன். “ஆயுத பூஜைக்கு எங்கப்பா கேமராவுக்குப் பொட்டு வெச்சார். எனக்கு முதல்ல தெரியாது. தெரிஞ்சப்ப மறுபடி எடுக்க வழியில்ல. ஆனா இப்ப வழி இருந்தாலும் எடுக்க மாட்டேன் சார்.”

கூடத்தில் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை.

“தண்ணி, மண்ணு, அடுத்து என்ன சொன்னேன்?”

“சொந்தக்காரங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரமிப்பு இல்லை என்று எனக்கு இப்போது தெரியும், யோசிக்கும்போது செய்கிற வேலை அது. “படம் எனக்குப் புரியலை. ஒரு பொண்ணு எட்டு நிமிஷம் நிக்கறா, எதுக்குன்னு அவளுக்கே தெரியலை. குடை சிவப்பா இருந்தது எனக்கு ஒண்ணும் பண்ணலை. ஆனா யாரோ அவ கூடவே நிக்கற மாதிரி அந்த மூலைச் சிவப்பு வந்துகிட்டே இருந்ததே, அது நல்லா இருக்கு” என்றார். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, “ஆனா அடுத்த தடவை கண்ணாடி மேல வேண்டாங்கய்யா” என்றார்.

“செரீங்க சார்” என்றார் அப்பா, எண்பது பேருக்கும் கேட்கிற மாதிரி.

மொபெட்டில் வரும்போது, அன்றைக்குக் கத்தியதற்கு முதுகுக்குப் பின்னால் இருந்தே மன்னிப்புக் கேட்டேன். “வண்டி செவப்புதான, அதுக்கென்ன” என்றார். காந்திபுரம் சிக்னலில் நின்றபோது திரும்பினார்.

“அம்மணி, உங்க சாரு நல்லா இருக்குதுன்னு சொன்னது எதை? நான் வெச்ச பொட்டைத்தான?”

“ஆமாங்ப்பா.”

“உன்ற படத்தைச் சொல்லுல.”

“இல்லீங்ப்பா.”

“அப்ப ஒப்பந்தப்படி பாத்தா நான்தான் மெட்ராஸ் போகோணும்.”

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பச்சை விழுந்தது. சென்னையைப் பற்றி அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

காலையில் எழுந்தபோது இந்த நோட்டின் மேல் ஒரு வட்டமான பொருள் இருந்தது. அலுமினியம், பளபளவென்று. விளிம்பில் விரல் வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு வரி. உள்பக்கம் மெத்தென்ற துணி ஒட்டியிருந்தது. லென்ஸ் மூடி. அப்பா விடிகாலையிலேயே பட்டறைக்குப் போய்க் கடைந்து எடுத்து வந்திருக்கிறார்.

“அளவு எப்படிங்ப்பா தெரியும்?”

“கண்ணாடி ஓரத்துல எழுபத்தேழு எம்எம்னு போட்டிருந்துச்சே. பொட்டு வெக்கறப்பப் பாத்தேன்” என்றார். “மெட்ராஸ் போறப்ப எடுத்துட்டுப் போ. பூஜைக்கு மட்டும் வருஷா வருஷம் மிஷினோட வந்துரோணும். இனி பொட்டு இதும்மேலதான்.”

“கேமரா காலேஜோடதுங்ப்பா. எங்கிட்ட மிஷினே இல்லையே” என்றேன்.

“அது வரும்போது வருது” என்று சொல்லிவிட்டு அப்பா செருப்பை மாட்டினார். “மூடி ரெடியா இருக்குதல்ல.”

சாருக்குக் கொடுக்க வேண்டிய நாட்குறிப்பு திங்கள் தீபாவளி கழிந்து செவ்வாய்க்கிழமை அவர் கைக்குப் போக வேண்டும். அந்த முதல் நோட்டை எடுத்துப் படித்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. இந்த இரண்டாவது நோட்டையே கொடுத்துவிடப் போகிறேன்.